வீட்டில் சினை ஆடு குட்டி ஈனக் காத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் நாங்கள் கன்னி ஆடுகள் வளர்க்கிறோம். காதிலிருந்து மூக்குவரை இரண்டு கோடுகள் இறங்கும் கறுப்பு ஆடுகள் அவை. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டிகள் போடுவது இந்த இனத்தில் மிகச் சாதாரணம். முதன்முறையாக வீட்டில் நிறைசினை ஆட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளும், நாங்கள் சொன்ன பதில்களும் இங்கே உள்ளன. கொடி ஆடு, சேலம் கருப்பு, தலைச்சேரி என்று எந்த வெள்ளாடு வைத்திருப்பவருக்கும் இவை பொருந்தும்.

குட்டி ஈனும் நாளை எப்படிக் கணக்கிடுவது?

வெள்ளாட்டின் சினைக்காலம் சராசரியாக 150 நாட்கள். 145 முதல் 155 நாட்களுக்குள் ஈன்றால் அது இயல்பான ஈற்று. கிடாயுடன் சேர்ந்த நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்திருந்தால் வேறு கணக்கே தேவையில்லை. ஏப்ரல் 14 அன்று சேர்ந்த ஆடு செப்டம்பர் 11-ஐ ஒட்டி ஈனும். செப்டம்பர் 6 முதல் 16 வரை நீங்கள் வீட்டை விட்டு வெகுதூரம் போகாமல் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று குட்டிகளைச் சுமக்கும் ஆடுகள் ஓரிரு நாள் முன்கூட்டியே ஈனுவதும் உண்டு.

கிடாய் மந்தையோடேயே திரியும் வீடுகளில் இந்தக் குறிப்பு இருப்பதில்லை. ஆடு வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நானும் குறிக்காமல்தான் இருந்தேன். இன்னும் பத்து நாளாவது ஆகும் என்று நினைத்து மேய்ச்சலுக்கு விட்ட ஆடு, ஐப்பசி மழையில் ஓடைக்கரையில் தனியாக ஈன்றுவிட்டது. நான் தேடிக் கண்டபோது ஒரு குட்டி நனைந்து விறைத்துக் கிடந்தது. இன்னொன்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் கிடாய் தனியாகத்தான் கட்டப்படுகிறது.

ஆடு சினைதானா என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது?

பருவச் சுழற்சி 18 முதல் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். சேர்க்கைக்குப் பிறகு அந்த நாட்களில் ஆடு மீண்டும் கத்தாமல், வாலை ஆட்டாமல் இருந்தால் சினை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்; கருப்பையில் நீர் கோத்து வயிறு பெருத்து, கடைசியில் வெறும் நீரை மட்டும் வெளியேற்றும் பொய்ச்சினையும் வெள்ளாடுகளில் உண்டு. ஒன்றரை மாதம் ஆனபின் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கடைசி இரண்டு மாதங்களில் என்ன தீவனம் கொடுக்க வேண்டும்?

குட்டியின் எடையில் பெரும்பகுதி, அதாவது முக்கால் பங்குக்கு அருகில், கடைசி ஆறிலிருந்து எட்டு வாரங்களில்தான் கூடுகிறது. அதே வாரங்களில் வயிற்றுக்குள் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆட்டின் இரைப்பைக்கு இடம் குறைகிறது. தேவை கூடும்போது உண்ணும் அளவு குறையும் இந்த முரண்தான் நிறைசினை ஆட்டின் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர். ஆகவே குறைந்த அளவில் அதிகச் சத்துள்ள தீவனத்தை, ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் உளுந்தம்பொட்டும் துவரம்பொட்டும் கடலைக்கொடியும் எளிதில் கிடைக்கின்றன. இவற்றோடு அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா போன்ற ஏதேனும் ஒரு தழையும், நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் அடர்தீவனமும் தருகிறோம். மக்காச்சோளம் அல்லது கம்பு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்புக் கலவை, சிறிது சமையல் உப்பு ஆகியவை சேர்ந்த கலவை போதுமானது. 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்னும் பால் கறந்துகொண்டிருந்தால், ஈனும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பாகவே கறவையை நிறுத்திவிடுங்கள்.

சினை ஆடு என்ற பாசத்தில் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் அள்ளிக் கொடுப்பது மிகப் பெரிய தீங்கு. வெந்த அரிசி இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகி, ஓரிரு நாளில் ஆட்டையே சாய்த்துவிடும். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் அடுத்த நாள் பந்திச் சோற்றைத் தின்று செத்த சினை ஆடுகளை எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன்.

நிறைசினை ஆடு தீவனம் எடுக்காமல் மந்தமாக நிற்கிறது. இது பிரசவக் களைப்பா?

அப்படி எண்ணிக் காத்திருக்க வேண்டாம். ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆடு தீவனத்தை ஒதுக்கி, கூட்டத்திலிருந்து விலகி, தலையைச் சுவரில் முட்டியபடி நிற்பதும், பல்லை நறநறவென்று கடிப்பதும், மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வருவதும் சினைக்கால நச்சு நோயின் அடையாளங்கள். உணவு பற்றாத ஆடு தன் உடற்கொழுப்பைக் கரைத்து உயிர் வாழ முயலும்போது இரத்தத்தில் கீட்டோன்கள் என்னும் கொழுப்புச் சிதைவுக் கழிவுகள் சேர்வதால் இது வருகிறது. இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளைச் சுமக்கும் மெலிந்த ஆடுகளுக்கும், அளவுக்கு மீறிக் கொழுத்த ஆடுகளுக்கும் இதன் ஆபத்து அதிகம். நிற்கும்போதே மருத்துவரிடம் காட்டினால் குளுக்கோஸ் ஊசி, புரொப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றால் காப்பாற்ற முடியும். படுத்தபின் காப்பாற்றுவது கடினம். சுண்ணாம்புச்சத்துக் குறைவாலும் இதே போன்ற தளர்ச்சி வரக்கூடும் என்பதால், எது என்று பிரித்தறியும் வேலையை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் சினையில் கொடுக்கலாமா?

துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் போட்டால், அதன் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சேரும். குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் அளவிலேயே கொடுங்கள். குறிப்பாக அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கவே கூடாது, அது கருவில் ஊனத்தை உண்டாக்கக்கூடும். எந்த மருந்தாக இருந்தாலும் ஆடு சினை என்பதையும் எத்தனை மாதம் என்பதையும் முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

எதுவரை மேய்ச்சலுக்கு அனுப்பலாம்?

நடப்பது சினை ஆட்டுக்கு நல்லது. கட்டியே போட்ட ஆட்டுக்கு ஈனும்போது முக்கும் வலு குறைகிறது. ஆனாலும் கடைசிப் பத்து நாட்களில் வீட்டைச் சுற்றியே மேயவிடுங்கள். ஓடவிடுவது, நாய் துரத்துவது, குறுகிய வாசலில் மற்ற ஆடுகளோடு நெருக்கியடித்து நுழைவது, கொம்புள்ள ஆடு விலாவில் முட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பரண்மேல் கொட்டகை உள்ளவர்கள் இந்த நாட்களில் ஆட்டைத் தரையில் கட்டுவது பாதுகாப்பானது. பிறந்த குட்டியின் கால் பரண் இடுக்கில் சிக்கி முறிவதை அது தடுக்கும்.

ஈனும் இடம் எப்படி இருக்க வேண்டும்?

காய்ந்து இருக்க வேண்டும், காற்றுத் தடுப்பு இருக்க வேண்டும், மற்றவை பிறகுதான். ஐந்தடிக்கு ஐந்தடி இடம் ஓர் ஆட்டுக்குப் போதும். பழைய எருவைக் கூட்டி அள்ளி, சுண்ணாம்புத் தூள் தூவி ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் வைக்கோலையோ உலர்ந்த கடலைக்கொடியையோ கனமாகப் பரப்புங்கள். மற்ற ஆடுகளின் குரல் கேட்கும் தூரத்தில் இடம் அமைந்தால் ஆடு மிரளாது. தரையில் வைத்த தண்ணீர் வாளியை மட்டும் இரவில் எடுத்துவிடுங்கள். நின்றபடி ஈனும் ஆடு குட்டியை நேராக வாளிக்குள் போட்டு, அது மூழ்கிச் சாவது நடக்காத காரியம் அன்று.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ஈனும் ஆடுகளுக்குச் சாக்குப் படுதா கட்டாயம் தேவை. எங்கள் கருத்தில், கிடாயைத் தனியே வைத்திருப்பவர்கள் கார்த்திகை அடைமழையில் ஈற்று விழாதபடி சேர்க்கை நாளையே தள்ளி வைத்துக்கொள்வதுதான் சிறந்தது.

முன்கூட்டியே கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

டிங்சர் அயோடின் ஒரு சிறு புட்டி, கொதிக்க வைத்து எடுத்த கத்தரிக்கோலும் நூலும், நான்கைந்து காய்ந்த பருத்தித் துணிகள், சோப்பு, மருந்துக்கடையில் கிடைக்கும் கையுறைகள், டார்ச் விளக்கு, உடல் வெப்பமானி, பால் புகட்டப் புட்டியும் காம்பும் ஆகியவை போதும். மருத்துவரின் எண்ணைச் செல்பேசியில் மட்டும் வைக்காமல் கொட்டகைச் சுவரிலும் எழுதி வையுங்கள். கால்நடைகளுக்கான அவசர ஊர்தியை அழைக்க 1962 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

ஈனும் நேரம் நெருங்கிவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிவது?

மடி பெருப்பதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். தலையீற்று ஆட்டுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே மடி இறங்கத் தொடங்கலாம். பல ஈற்றுக் கண்ட ஆட்டுக்கோ கடைசி இரண்டு நாளில்தான் மடி கட்டும். மடி இறுகிப் பளபளத்து, காம்புகள் இரு பக்கமும் விலகி விறைப்பாக நின்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் ஈனிவிடும்.

இதைவிட உறுதியான அடையாளம் வாலடியில் இருக்கிறது. முதுகெலும்பின் முடிவில், வாலின் இரு புறமும் பென்சில் கனத்தில் இரண்டு தசைநார்கள் ஓடுகின்றன. சாதாரண நாளில் விரலால் அழுத்தினால் அவை கம்பி போலத் தட்டுப்படும். ஈனும் நாள் நெருங்க நெருங்க அவை இளகி, கடைசி நாளில் இருந்த இடமே தெரியாமல் போய், வாலின் இரு பக்கமும் குழி விழும். விரல்களை இரு புறமும் கொடுத்தால் வாலெலும்பைச் சுற்றிப் பிடித்துவிடலாம் போல இருக்கும். எங்கள் ஆச்சி மாலையில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது ஒவ்வொரு நிறைசினை ஆட்டின் வாலடியையும் ஒருமுறை தடவிவிட்டுத்தான் போவார். “இன்னைக்கு ராவு இவ ஈனிருவா, விளக்கப் பக்கத்துல வையி” என்று அவர் சொன்ன இரவுகளில் நாங்கள் கண்விழித்தது பெரும்பாலும் வீண்போனதில்லை. நீங்களும் ஈனும் நாளுக்குப் பத்து நாள் முன்பிருந்தே தினமும் தொட்டுப் பழகுங்கள். நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய மாற்றம் விரலுக்குப் புரியும்.

மற்றவை நடத்தையில் தெரியும். விலாவுக்குப் பின் இடுப்புக்குழி ஆழமாகும். பிறப்புறுப்பு தடித்து நீள, அதிலிருந்து கெட்டியான வழும்பு கயிறு போல இறங்கும். ஆடு கூட்டத்தை விட்டு ஒதுங்கி, முன்னங்காலால் தரையைப் பறித்து, படுப்பதும் எழுவதுமாக இருக்கும். இதுவரை குட்டியே போடாத ஆடுகூடத் தன் விலாவைத் திரும்பிப் பார்த்து, தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைக்கும். அந்தக் கனைப்பு குட்டியைக் கூப்பிடும் குரல்; மற்ற நாட்களில் அந்த ஆடு அப்படிக் கனைத்து நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஈற்று எப்படி நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் கட்டத்தில் கருப்பையின் வாய் திறக்கிறது. வெளியே தெரிவது அமைதியின்மை மட்டும்தான். தலையீற்று ஆட்டுக்கு இது 12 மணி நேரம்வரை நீளலாம். இந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தினர் கூடி நிற்காமலும், விளக்கை முகத்தில் அடிக்காமலும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்காமலும் இருந்தால் அதுவே பெரிய உதவி.

இரண்டாம் கட்டத்தில் ஆடு படுத்து, கால்களை நீட்டி முக்கத் தொடங்கும். முதலில் பனிக்குடம் பலூன் போல வெளியே வந்து உடையும். அடுத்து, சரியான நிலையில் வரும் குட்டியின் இரண்டு முன்னங்கால் குளம்புகள் அடிப்பக்கம் தரையைப் பார்த்தபடி தெரியும். அந்தக் கால்களின்மேல், முழங்காலை ஒட்டி, மூக்கு தெரியும். கிணற்றில் தலைகீழாகக் குதிப்பவர் கையை நீட்டியிருப்பது போன்ற நிலை அது. தலை வெளிவரும்போது ஆடு உரக்கக் கத்தலாம், அது இயல்பு. தோள் தாண்டியதும் மீதி உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தீவிரமாக முக்கத் தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முதல் குட்டி பிறந்துவிடும். அடுத்த குட்டி பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வரும். இரண்டாவது குட்டி பின்னங்கால்களை முன்னிட்டு வருவது அடிக்கடி நடக்கும். அப்போது குளம்புகளின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும். இதுவும் இயல்பாக ஈனக்கூடிய நிலைதான், ஆனால் இடுப்பு வெளிவந்தபின் தொப்புள்கொடி அழுந்துவதால் தாமதம் கூடாது.

எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும்?

கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். ஆடு கடுமையாக முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் எந்த முன்னேற்றமும் இல்லை என்றாலோ, பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் கடந்தும் குட்டி வரவில்லை என்றாலோ, ஒரு கால் மட்டும், தலை மட்டும் அல்லது வால் மட்டும் தெரிந்தாலோ, நாற்றமுள்ள கரும்பழுப்பு நீர் கசிந்தாலோ, உடனே அழையுங்கள். முக்கிக்கொண்டிருந்த ஆடு குட்டி போடாமலேயே களைத்து அமைதியாகிவிட்டால், வலி நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அதுவும் அழைக்க வேண்டிய நேரமே.

யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் ஊசி வாங்கி வலியைத் தூண்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கருப்பை வாய் திறக்காமலோ குட்டி குறுக்கே கிடக்கும்போதோ ஆக்சிடோசின் போட்டால், கருப்பை கிழிந்து தாயும் குட்டியும் சேர்ந்து போய்விடும்.

மருத்துவர் வரத் தாமதமானால் நானே கைவைக்கலாமா?

நகத்தை வெட்டி, முழங்கைவரை சோப்பால் கழுவி, கையுறை அணிந்து, சோப்பு நுரையோ சுத்தமான எண்ணெயோ தடவிக்கொண்டு, மிக மெதுவாக மட்டும் பார்க்கலாம். குட்டியின் குளம்பிலிருந்து மேலே தடவிக்கொண்டு போனால் இரண்டு மூட்டுகள் வரும். இரண்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இரண்டு கால்களும் ஒரே குட்டியுடையவைதானா என்பதைத் தோள்வரை தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு குட்டிகளின் கால்களைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் அடைத்துக்கொள்ளும். இரண்டு கால்களும் மூக்கும் சரியாக இருந்து ஆடு களைத்துவிட்டிருந்தால், அது முக்கும்போது மட்டும், ஆட்டின் குதிகாலை நோக்கிக் கீழ்ச்சரிவாக இழுங்கள். முக்கு நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் கையை எடுத்துவிடுவதே நல்லது. நிலை மாறிக் கிடக்கும் குட்டியைத் திருப்புவது பழகிய கைக்கே உரிய வேலை.

பிறந்த குட்டி மூச்சு விடவில்லை என்றால்?

முதலில் முகத்தை மூடியிருக்கும் சவ்வைக் கிழியுங்கள். சென்ற ஆண்டு எங்கள் செங்கன்னி ஒன்று இரண்டாவது குட்டியைப் போட்டபோது முதல் குட்டியை நக்குவதிலேயே மூழ்கியிருந்தது. பின்னால் வைக்கோலில் கிடந்த குட்டியின் மூக்கின்மேல் சவ்வு ஈரத் தாளைப் போல ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் உள்ளே இழுபட்டு, மறுபடி தளர்ந்தது. விரல் நகத்தால் கிள்ளி எடுத்த அந்த நொடியில் அது தும்மியது.

சவ்வை எடுத்தபின் விரலில் துணியைச் சுற்றி வாயையும் மூக்கையும் துடைத்து, உலர்ந்த வைக்கோல் நுனியை மூக்குத் துளைக்குள் லேசாக நுழைத்துக் கூசச் செய்யுங்கள். தும்மலோடு சளி வெளிவரும். பிறகு விலாவைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். பின்னங்கால்களைப் பிடித்துச் சிறிது நேரம் தலைகீழாகத் தாங்கினால் மூக்கில் உள்ள நீர் வடியும். ஆனால் வேகமாகச் சுழற்றுவது வேண்டாம். மூச்சு வந்தபின் குட்டியைத் தாயின் முகத்தருகே வைத்துவிடுங்கள். தாய் நக்குவதால் குட்டி உலர்கிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது, இருவருக்கும் வாசனை பழகுகிறது.

தொப்புள்கொடியை என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் தானே அறுந்துவிடும். நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளி நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் முழுக்கத் தோய்த்து எடுங்கள். மறுநாளும் ஒருமுறை தோய்க்க வேண்டும். சாணத்தையோ அடுப்புச் சாம்பலையோ பூசக் கூடாது. தொப்புள்புண் வழியாகத்தான் மூட்டுவீக்கக் கிருமிகளும் வில்வாதமும் (டெட்டனஸ்) உள்ளே நுழைகின்றன.

சீம்பால் எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்குள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மனிதரில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன; ஆட்டில் அப்படிக் குட்டிக்குப் போவதில்லை. குட்டி பிறக்கும்போது எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது. சீம்பாலில் உள்ள அந்தப் புரதங்களைக் குட்டியின் குடல் முதல் சில மணி நேரமே நன்றாக உறிஞ்சுகிறது, ஒரு நாளுக்குள் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குட்டியை ஊட்டவிட வேண்டும் என்று காத்திருக்கும் வழக்கத்தால் இழந்த குட்டிகள் எத்தனையோ. குட்டி ஊட்டுவதே கருப்பையைச் சுருக்கி நஞ்சுக்கொடி விழவும் துணை செய்கிறது என்பதால், காத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை.

முதலில் மடியை வெதுவெதுப்பான நீரால் துடைத்து, இரண்டு காம்பிலும் ஓரிரு பீச்சு கறந்து பாருங்கள். காம்பு நுனியில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும், அது வெளியேறினால்தான் குட்டிக்குப் பால் வரும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 மில்லி சீம்பாலாவது சேர வேண்டும். அதில் பாதியை முதல் நான்கு மணி நேரத்திலேயே குடித்திருந்தால் நல்லது. குடித்ததா என்று தெரிய, குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்த வயிறு வெதுவெதுப்பாகத் திரண்டிருக்கும். கறுப்புத் தார் போன்ற முதல் சாணமும் ஒரு நாளுக்குள் வெளிவந்திருக்க வேண்டும்.

ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான். மூன்று குட்டிகள் பிறந்தால் வலுத்த இரண்டும் காம்பைப் பிடித்துக்கொள்ள, மெலிந்தது ஒதுங்கி நிற்கும். அதை ஒவ்வொரு வேளையும் முதலில் ஊட்டவிட்டு, பிறகு மற்றவற்றை விடுங்கள். தாய்க்குப் பால் இல்லை என்றால், அதே நாட்களில் ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலோ பசுவின் சீம்பாலோ உதவும். பக்கத்து வீட்டில் பசு ஈன்றிருந்தால் சீம்பால் காய்ச்சுவதற்கு முன் ஒரு தம்ளர் கேட்டு வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் திரிந்து பயனற்றுப் போகும்.

குட்டி சில்லிட்டுப்போய் ஊட்ட மறுக்கிறது. பாலைப் பீச்சி வாயில் ஊற்றலாமா?

கூடாது. விரலை அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்து விரலைச் சப்பவும் இல்லை என்றால், ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டியின் இயல்பான வெப்பம் 102, 103 டிகிரி பாரன்ஹீட் அளவில் இருக்கும். 99-க்குக் கீழே இறங்கிவிட்டால் முதலில் உடலைச் சூடேற்ற வேண்டும். உலர்த்தி, துணியால் சுற்றி, இரண்டடி உயரத்தில் பல்பு எரியவிட்டு வையுங்கள். மிகவும் சில்லிட்டிருந்தால் தலை மட்டும் வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அமிழ்த்திப் பிடியுங்கள். பை இருப்பதால் உடல் நனையாது, தாய் அறியும் வாசனையும் கழுவிப்போகாது. தானாகத் தலை தூக்கி விரலைச் சப்பத் தொடங்கியபின் சீம்பால் கொடுங்கள்.

தாய் குட்டியைச் சேர்க்காமல் முட்டித் தள்ளுகிறது. என்ன செய்வது?

தலையீற்று ஆடுகளில் இது அதிகம். மடி வலிக்கிறதா, காம்பில் புண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால், பனிக்குட நீரின் ஈரத்தைக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, தாயின் மூக்கருகே கொண்டுபோங்கள். பிறகு தாயைச் சிறிய அடைப்பில் குட்டியோடு வைத்து, நாளுக்கு ஐந்தாறு முறை பிடித்துக்கொண்டு ஊட்டவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலான ஆடுகள் பழகிவிடும். அடித்து மிரட்டினால் குட்டி அருகே வந்தாலே அடி விழும் என்று ஆடு கற்றுக்கொள்ளும்.

நஞ்சுக்கொடி எப்போது விழும்?

கடைசிக் குட்டி பிறந்து சில மணி நேரத்துக்குள் விழும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். தொங்கும் கொடியைக் கையால் இழுக்கவோ, அதில் கல்லைக் கட்டிவிடவோ வேண்டாம். உள்ளே கிழிந்து மிச்சம் தங்கி அழுகிவிடும். விழுந்ததை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். ஈன்ற ஆட்டுக்கு வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரும், நல்ல தழையும் போதும். அன்றே அடர்தீவனத்தைக் கூட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம்வரை செம்பழுப்புக் கசிவு இருப்பது இயல்பு. அதில் துர்நாற்றம் வந்தாலோ, மடி ஒரு பக்கம் கல்லாகி ஆடு குட்டியை உதைத்தாலோ, அன்றே சிகிச்சை தேவை.

சினை கலைந்து குட்டி செத்து விழுந்தால்?

வெறும் கையால் தொடாதீர்கள். கருச்சிதைவுக்குக் காரணமான புரூசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணிப் பெண்கள் ஈற்றுக்கு உதவுவதையும், கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் தொடுவதையும் முழுமையாகத் தவிர்க்க வேண்டும். கையுறையோடு எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்து, அந்த ஆட்டைத் தனியே கட்டி, மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அடுத்தடுத்து இரண்டு ஆடுகளுக்குச் சினை கலைந்தால் மந்தை முழுவதையுமே பார்க்க வேண்டியிருக்கும். பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் ஆபத்து.

ஈன்ற ஆட்டை எப்போது மறுபடி மேய்ச்சலுக்கு விடலாம்?

நான்கைந்து நாள் கழித்துப் பக்கத்து நிலத்துக்கு விடலாம். குட்டிகளைக் கூட அனுப்பாமல் நிழலில் பெரிய பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடி வைக்கிறோம். நரி, நாய், பருந்துத் தொல்லை அதனால் இல்லை. நண்பகலில் ஒருமுறை தாயைக் கூட்டிவந்து ஊட்டவிட வேண்டும். இரண்டு வாரத்தில் குட்டிகள் தழையைக் கடித்துப் பார்க்கத் தொடங்கும்; அகத்திக் கொத்து ஒன்றை அவற்றின் வாய்க்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தாயை அடுத்த சினைக்கு விட மூன்று மாதமாவது பொறுங்கள். கிடாயுடன் சேர்ந்த அன்றே காலண்டரில் தேதியைக் குறித்துவிடுங்கள்.